பணத்தைப் பற்றிய ஆறு வார வேதபாட வகுப்பு: போய் முடித்தபின் எழுதுவது

தேவனைத் தேடுவதா பணத்தைத் தேடுவதா என்கிற ஒரே கேள்வியை ஆறு வாரம் எடுத்துப் பேசும் ஒரு வேதபாட வகுப்புக்குப் போய் முடித்தேன். வாரம் ஒரு மாலை, 2 மணி நேரம், சுமார் 12 பேர். கட்டணம் கிடையாது, பாடப்புத்தகத்தின் அச்சுச் செலவை மட்டும் கொடுக்கச் சொன்னார்கள், அதுவும் முடிந்தவர்கள் கொடுத்தால் போதும் என்றார்கள். நடத்தியவர் போதகர் அல்ல. கணக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். இந்த வகுப்பு நன்றாக இருந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

நான் எந்த நிலையில் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்த விமர்சனத்துக்கு அர்த்தம் இருக்காது. சில வருடங்களுக்கு முன் வேறு ஓர் இடத்தில், காணிக்கை கொடுத்தால் தேவன் அதைப் பல மடங்கு பணமாகத் திருப்பித் தருவார் என்று போதிக்கும் செழிப்பு உபதேசக் கூட்டங்களுக்குத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தேன். விதை விதையுங்கள், நூறு மடங்கு அறுப்பீர்கள் என்பார்கள். சேமிப்பில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன், அதை விசுவாசம் என்று நம்பினேன், வீட்டில் கேட்டபோதும் விசுவாசம் என்றே சொன்னேன். திரும்பி ஒன்றும் வரவில்லை. வராதபோது எனக்கு வந்த கோபம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது, ஏனென்றால் ஒருவருக்கு அன்பாகக் கொடுத்தவன் அப்படிக் கோபப்பட மாட்டான், முதலீடு மூழ்கிப்போனவன்தான் அப்படிக் கோபப்படுவான். எனக்கு வேண்டியிருந்தது பணம். தேவனை அதற்கு வழியாக வைத்திருந்தேன். இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவே 2 வருடம் ஆனது.

அந்தக் கூட்டங்களில் அடிக்கடி எடுப்பது மாற்கு 10-ஆம் அதிகாரத்தின் 'நூறத்தனையாக', அதாவது நூறு மடங்காக, என்ற வசனம். இந்த வகுப்பின் இரண்டாம் வாரத்தில் அதே அதிகாரத்தை முழுதாகச் சத்தமாக வாசிக்க வைத்தார்கள். 30-ஆம் வசனத்தில் "துன்பங்களோடேகூட நூறத்தனையாக" என்று இருக்கிறது. துன்பங்களோடேகூட! அந்த ஒரு சொல்லை அத்தனை கூட்டத்திலும் நான் கேட்டதே இல்லை, என் வேதாகமத்தில் அந்த வசனத்தின் கீழே நானே கோடு போட்டு வைத்திருந்தும் என் கண் அதில் நின்றதில்லை. அன்றைக்கு வகுப்பில் மேற்கொண்டு என்ன பேசினார்கள் என்பது எனக்குச் சரியாக நினைவில் இல்லை, அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். முதல் வாரம் மத்தேயு 6:24. "தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது." சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். ஆனால் இதை ஒரு தடை உத்தரவாகத்தான் நான் புரிந்துவைத்திருந்தேன், 'இங்கே வண்டி நிறுத்தக் கூடாது' என்பதுபோல. பெரியவர் அந்தக் கடைசிச் சொல்லில் எங்களை நிறுத்தினார். பழைய மொழிபெயர்ப்பின் தமிழில் 'உங்களால் கூடாது' என்றால் உங்களால் முடியாது என்று பொருள், கிரேக்க மூலத்திலும் அதே அர்த்தம்தான். செய்யாதே என்று இயேசு கட்டளையிடவில்லை, அது நடக்காது என்று உள்ளதைச் சொல்கிறார். அதே வசனத்தில் 'ஊழியஞ்செய்ய' என்பதற்கு மூலத்தில் இருப்பது அடிமையாக இருப்பதைக் குறிக்கும் சொல், 'உலகப்பொருள்' என்று நாம் வாசிப்பது மாமோன் என்ற அரமேயச் சொல். கிரேக்கத்தில் எழுதியவர்கள் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், ஒரு எஜமானின் பெயரைப் போல. பணத்தை ஒரு பொருளாக நினைத்துத்தான் இத்தனை நாள் வாசித்திருந்தேன், ஒரு எஜமானாக நினைத்து வாசித்ததே இல்லை.

அந்த வாரத்துக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். எதையும் மாற்ற வேண்டாம், ஒரு வாரம் கவனித்துக் கோடு மட்டும் போட்டு வாருங்கள் என்றார்கள். ஒரு பக்கத்தில், பணத்தைப் பற்றிய எண்ணத்தோடு எத்தனை முறை கைப்பேசியை எடுத்தோம் என்பது. எதிர்ப்பக்கத்தில், யாரும் சொல்லாமல் எத்தனை முறை தேவனிடம் பேசினோம் என்பது. என் முதல் நாள் கணக்கு 11-க்கு 1. அந்த ஒன்றும் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் பழக்கமான ஜெபம். காலையில் கண் விழித்ததும் கை தானாக வங்கிச் செயலியைத்தான் திறக்கிறது, எழுந்து உட்காருவதற்கு முன்பே. என் இருதயம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஒரு பென்சிலும் 7 நாளும் போதுமாக இருந்தது. பாடப்புத்தகத்தின் எந்தப் பக்கமும் எனக்கு இந்த அளவு உதவவில்லை.

இரண்டாம் வாரம், நித்திய ஜீவனைப் பெற என்ன செய்ய வேண்டும் என்று இயேசுவிடம் வந்து கேட்ட ஐசுவரியவானான அந்த மனிதன். மூன்று சுவிசேஷங்களிலும் வருகிறான். வாலிபன் என்பது மத்தேயு, தலைவன் என்பது லூக்கா. மாற்கு மட்டும், "இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்து" என்று எழுதுகிறார். எல்லாவற்றையும் விற்றுக் கொடு என்ற கேள்விப்பட்டிராத அந்தக் கட்டளை ஒரு கோபத்திலோ பரீட்சையாகவோ வரவில்லை, அன்பில் வருகிறது. அவன் துக்கத்தோடே போய்விட்டான். இயேசு அவனைத் திரும்பக் கூப்பிட்டு, சரி பாதியாவது கொடு என்று பேரம் பேசவில்லை. எனக்கு அது எப்போதும் கடினமாக இருந்த இடம், இப்போதும் கடினம்தான்.

ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று அதே இடத்தில் இயேசு சொல்வதைப் பற்றியும் அன்று பேசினார்கள். எருசலேமில் அந்தப் பெயரில் ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு மண்டியிட்டு நுழையும் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை, பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு கிளம்பிய விளக்கம் அது என்று பெரியவர் தெளிவாகச் சொன்னார். கொஞ்சம் குனிந்தால் நுழைந்துவிடலாம் என்று ஆறுதல் தேடுகிறவர்களுக்கு அந்தக் கதை வசதியாக இருக்கிறது. சீஷர்கள் அப்படிப் புரிந்துகொள்ளவில்லை, அப்படியானால் யார் ரட்சிக்கப்படக்கூடும் என்று திகைத்தார்கள். "மனுஷரால் இது கூடாததுதான்" என்பது இயேசுவின் பதில். அங்கேயும் அதே 'கூடாது'.

பிறகு அந்தோனியார் கதை. எகிப்தில், கி.பி. 270 வாக்கில், பெற்றோரை இழந்த ஒரு வாலிபர் ஆலயத்தில் எல்லாவற்றையும் விற்றுக் கொடு என்ற இதே வசனம் வாசிக்கப்படுவதைக் கேட்கிறார். நேராகப் போய் 300 அரூரா நிலத்தை, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கரை, ஊராருக்குக் கொடுக்கிறார். மற்ற உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தங்கைக்காகக் கொஞ்சம் வைத்துக்கொள்கிறார். இன்னொரு நாள் நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்ற வசனத்தைக் கேட்டதும் அந்த மிச்சத்தையும் கொடுத்துவிட்டு, தங்கையை விசுவாசமுள்ள கன்னியர்களிடம் ஒப்படைத்துவிட்டுத் துறவுக்குப் போகிறார். அவருடைய வாழ்க்கையை எழுதிய அதனாசியுஸ் சொல்வது இது.

அப்போது எங்களோடு படித்த ஓர் அம்மா கேட்டார், "ஐயா, அந்தத் தங்கச்சியை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?"

அறையில் யாரும் பேசவில்லை. பெரியவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "எழுதியிருக்கிறதில் அப்படி ஒன்றும் இல்லை, அம்மா. நானும் இதுவரை அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை" என்றார். மழுப்பாமல் அப்படிச் சொன்னதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. ஆனாலும் கேள்வி நின்றுகொண்டே இருந்தது. என் சேமிப்பை நான் கொடுத்தபோது என் மனைவியை நானும் கேட்கவில்லை. அது எங்கள் இருவருடைய உழைப்பு. தேவனுக்காக விட்டுவிடுகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது, அவர் விடுவது யாருடைய சோற்றை என்று பார்க்காமல் அதைப் பக்தி என்று சொல்லிவிட முடியாது. கொர்பான், அதாவது இது தேவனுக்கென்று வைத்த காணிக்கை, என்று சொல்லிப் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுகிறவர்களை இயேசு மாற்கு 7-ல் கடிந்துகொள்வது இந்த இடத்தில்தான் வந்திருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் அந்தப் பகுதியே இல்லை. வகுப்பின் மிகப் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான்: ஆறு வாரமும் தனி ஒருவனும் அவன் பணமும் தேவனும் மட்டுமே இருக்கிறார்கள். வீடு என்று ஒன்று எங்குமே இல்லை.

மூன்றாம் வாரத்துக்கு 90 நாள் வரவுசெலவை எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். யாருக்கும் காட்ட வேண்டாம், உங்கள் மடியிலேயே இருக்கட்டும் என்று பெரியவர் முதலிலேயே சொன்னார். பணத்தைப் பற்றிச் சபைகளில் நடக்கும் பேச்சு பல நேரம் மற்றவர்களுக்குக் காட்டுவதற்காகவே நடப்பதால் இது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அந்தக் கணக்கை மடியில் வைத்துக்கொண்டே ஏழை விதவையின் பகுதியை வாசித்தோம். தேவாலயக் காணிக்கைப் பெட்டியில் அவள் போட்டது இரண்டு காசு, அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த மிகச் சிறிய நாணயம். நான் முன்பு போன கூட்டங்களில் காணிக்கை எடுக்கும்போதெல்லாம் இந்த விதவையை நிறுத்தி, அவளே தன் ஜீவனத்தைக் கொடுத்தாளே, நீங்கள் ஏன் யோசிக்கிறீர்கள் என்பார்கள். பெரியவர் எங்களை 2 வசனம் மேலே போகச் சொன்னார். மாற்கு 12:40-ல் வேதபாரகர், அதாவது யூத வேதச் சட்டத்தைப் போதித்தவர்கள், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறார்கள் என்று இயேசு எச்சரிக்கிறார், அது முடிந்த உடனே இந்த விதவை வருகிறாள், அதற்கடுத்து 13-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் அந்தத் தேவாலயமே இடிக்கப்படும் என்கிறார். அவளுடைய பக்தியை அவர் மெச்சுகிறார், அது உண்மை. அவளைப் போன்றவர்களிடம் பிடுங்குகிற அமைப்பையும் அதே மூச்சில் கண்டிக்கிறார், அதுவும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்காமல் இந்தப் பகுதியைப் பிரசங்கிப்பது ஏழைகளுக்குச் செய்யும் துரோகம் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன்.

நான்காம் வாரம் வேகமாகப் போனது. வரி வசூலித்துச் செல்வம் சேர்த்த சகேயு பாதியைக் கொடுத்தான், ஏமாற்றியதற்கு நாலத்தனை திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான், முழுதையும் கொடு என்று இயேசு அவனிடம் கேட்கவில்லை. பர்னபா நிலத்தை விற்றுக் கொண்டுவந்தான். நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்து வைத்த அனனியாவிடம் பேதுரு, விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ என்று கேட்கிறார், அதாவது கட்டாயம் எதுவும் இருக்கவில்லை, பிரச்சினை பொய்யில்தான். யோவன்னாள், சூசன்னாள் போன்ற பெண்கள் தங்கள் ஆஸ்திகளால் இயேசுவுக்கு ஊழியம் செய்தார்கள். எல்லோருக்கும் ஒரே கட்டளை இல்லை என்பது விளங்கியது. ஐசுவரியவானின் ரட்சிப்பைப் பற்றி 2-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அலெக்சாந்திரியாவில் போதித்த கிளமெண்ட் எழுதியதையும் பெரியவர் சுருக்கமாகச் சொன்னார். எல்லோரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டால் பசித்தவனுக்கு யார் போஜனம் கொடுப்பது, மனதில் இருக்கும் ஆசையைத்தான் முதலில் விட வேண்டும் என்பது அவருடைய வாதம். நியாயமான வாதம்தான். என்னைப் போன்றவர்கள் அதை ஒளிந்துகொள்ளும் இடமாக ஆக்கிக்கொள்வோம் என்ற பயமும் எனக்கு இருந்தது. ஆசையை விட்டுவிட்டேன், பணத்தை மட்டும் வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு சுலபம்.

அந்தப் பயத்துக்குப் பதில் ஐந்தாம் வாரம் வந்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தன் பிரசங்கம் ஒன்றில் ஆக்ஸ்போர்டு நாட்களில் இருந்த ஒருவரின் கணக்கைச் சொல்கிறார், அது அவரைப் பற்றியதே என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். வருடத்துக்கு 30 பவுண்டு வருமானம், 28-ல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். அடுத்த வருடம் 60 வந்தது, அப்போதும் 28-ல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். மூன்றாம் வருடம் 90, கொடுத்தது 62. நான்காம் வருடம் 120, அப்போதும் அதே 28-தான் தனக்கு. ஒரு கணக்கர் இதைப் பலகையில் இரண்டு பத்தியாக எழுதிக் காட்டும்போது அது பிரசங்கமாகத் தெரியவில்லை. இடது பத்தி ஏறிக்கொண்டே போகிறது, வலது பத்தியில் 28 என்ற எண் மட்டும் அசையாமல் நிற்கிறது. என் வருமானம் கூடிய ஒவ்வொரு முறையும் என்னுடைய '28' கூடவே ஏறிவிட்டது, நான் தீர்மானித்து ஏற்றியது என்று ஒரு தடவைகூடச் சொல்ல முடியாது. அந்த எண்ணை இதுவரை யார் தீர்மானித்துக்கொண்டிருந்தார் என்று பெரியவர் கேட்டபோது எனக்கு முதல் வாரத்து மாமோன் ஞாபகம் வந்தது. தசமபாகம் கொடுத்துவிட்டேன், மீதி 90 சதவீதம் என் விஷயம் என்று வாழ்ந்துகொண்டிருந்தவனுக்கு இது உறைக்கத்தான் செய்தது.

இங்கே இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். கடனில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடத்தில் ஒரே ஒரு பக்கம்தான். எங்கள் குழுவில் ஒருவர், வருமானத்தில் பெரும் பகுதி வட்டிக்கே போகிறது, நான் எதை விட்டுவிடுவது என்று கேட்டார். அவருக்குக் கிடைத்தது ஆகூரின் ஜெபம், நீதிமொழிகள் 30: "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக." தரித்திரத்தால் திருடி தேவனுடைய நாமத்தை வீணிலே வழங்காதபடிக்கு என்று காரணமும் அதிலேயே இருக்கிறது, ஆகவே வறுமையைப் புனிதமாக்கிப் பேச வேதத்தில் இடமில்லை என்று பெரியவர் சொன்னார். நல்ல வார்த்தை. ஆனால் அந்த மனிதருக்கு அதற்குமேலும் ஏதாவது வேண்டியிருந்தது. வகுப்பு முடிந்தபின் பெரியவர் அவரோடு தனியாக உட்கார்ந்து கடன்களை வரிசைப்படுத்திக் கொடுத்தார் என்று பின்னால் அறிந்தேன். அது அவருடைய நல்ல மனது, பாடத்திட்டத்தில் அது இல்லை, வேறு ஒருவர் நடத்தினால் அது நடக்கும் என்று சொல்ல முடியாது.

ஆறாம் வாரத்துக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். நிலத்தில் புதைந்திருந்த பொக்கிஷம், மத்தேயு 13:44, ஒரே ஒரு வசனம். அதைக் கண்ட மனிதன் "அதைப்பற்றிய சந்தோஷத்தினாலே போய், தனக்குண்டான எல்லாவற்றையும் விற்று" அந்த நிலத்தை வாங்குகிறான். இவனும் எல்லாவற்றையும் விற்கிறான், இரண்டாம் வாரத்து மனிதனிடமும் கேட்கப்பட்டது அதேதான். அவன் துக்கத்தோடே போனான், இவன் சந்தோஷத்தினாலே போகிறான். இவன் முதலில் எதையோ பார்த்துவிட்டான், விற்பது அதற்குப் பிறகு வருகிறது. விற்றுவிட்டு மகிழ்ச்சி வருமா என்று காத்திருக்கவில்லை. நான் இத்தனை வருடம் தலைகீழாகச் செய்திருக்கிறேன்: கொடுத்தால் தேவன் கிடைப்பார், அவர் வழியாக மேலும் பணம் கிடைக்கும் என்று. பணத்தை விடுவது பக்திக்குக் கொடுக்கும் விலை என்று நினைத்திருந்த எனக்கு, தேவனைக் கண்ட ஒருவனுக்குப் பணம் சின்னதாகிவிடும் என்கிற வரிசை அன்றுதான் பிடிபட்டது. அன்று இரவு வீட்டுக்கு வந்து மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன், அந்தச் சேமிப்புக்காக. நாங்கள் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் முறை.

இந்த வசனம் கடைசி வாரத்தில் இருப்பதுதான் எனக்குப் புரியவில்லை. எங்களோடு ஆரம்பித்த 12 பேரில் 3 பேர் நான்காம் வாரத்துக்குள் நின்றுவிட்டார்கள். கணக்கு, கணக்கு என்று மட்டுமே அவர்களுக்குக் கேட்டிருக்கும். பொக்கிஷத்தைக் காட்டும் முன்பே விற்கச் சொன்னால் யாருக்குத்தான் துக்கம் வராது? பாடத்தை எழுதியவர்கள் இந்த ஆறாவதை முதலில் வைக்கட்டும், மற்ற எல்லாம் அதன் பின்னால் வரட்டும்.

பாடப்புத்தகத்தின் அச்சும் சுமார்தான். எழுத்து சின்னது, எழுதக் கொடுத்த இடம் போதவில்லை, தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோய்விடுங்கள். கடைசிப் பக்கத்தில் ஓர் ஒப்புக்கொடுத்தல் படிவம் இருக்கிறது, கையெழுத்துப் போடும் இடத்தோடு. பெரியவர் அதை அங்கே யாரையும் நிரப்ப விடவில்லை. உணர்ச்சிவசப்பட்டு எழுத வேண்டாம், வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து படித்துவிட்டு ஒரு மாதம் கழித்து எழுதுங்கள், எழுதாவிட்டாலும் பரவாயில்லை என்றார். ஆறு வாரத்தில் ஒரு நாளும் காணிக்கைப் பை சுற்றி வரவில்லை.

யார் போகலாம் என்று கேட்டால், சம்பளம் ஓரளவு வந்துகொண்டிருக்கிற, சபைக்கு ஒழுங்காகப் போகிற, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிற என்னைப் போன்றவர்கள் கட்டாயம் போங்கள். கடன் நெருக்கடியில் இருப்பவர்கள் நடத்துபவரிடம் முதலிலேயே பேசிவிட்டுப் போங்கள். முடிந்தால் கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள், தனியாகப் போய்விட்டு வந்து அறிவிப்பு மாதிரி சொல்லாதீர்கள்.

முடிந்ததும் பெரியவருக்கு இந்தக் குறைகளை எல்லாம் எழுதி அனுப்பினேன், வருத்தப்படுவாரோ என்று தயங்கிக்கொண்டேதான். மறுநாளே பதில் வந்தது. அடுத்த குழுவுக்கு ஏழாவதாக ஒரு வாரம் சேர்க்கிறாராம், குடும்பத்தைப் பற்றி. அதை நடத்தித் தரும்படி அந்தோனியாரின் தங்கையைப் பற்றிக் கேட்ட அம்மாவையே கேட்டிருக்கிறார், அவரும் சம்மதித்துவிட்டார். அதற்கு நானும் மனைவியும் போகிறோம்.